மறையாக்க மின்னஞ்சல்: சான்றிதழை எப்படிக் கொடுப்பது, எங்கே வைப்பது

எஸ்/மைம் (S/MIME) என்பது மின்னஞ்சலைப் பெறுபவர் மட்டுமே படிக்கும்படி பூட்டி (மறையாக்கம் செய்து) அனுப்பும் முறை. இதில் ஒருவருக்கு அனுப்ப, அவருடைய பொதுச் சாவிச் சான்றிதழ் (பூட்டப் பயன்படும் சாவி அடங்கியது, யாருக்கும் தரலாம்) உங்களிடம் இருக்க வேண்டும். எளிய வழி: டிஜிட்டல் கையொப்பமிட்ட ஒரு மின்னஞ்சலை முதலில் அவரை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் கையொப்பத்தோடு சான்றிதழும் வந்துவிடும். கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக் என்றால், அனுப்பியவரைத் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழும் அங்கேயே பதிவாகும்.

கோப்பாகக் கொடுப்பதானால் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 'சிஇஆர்' (.cer) கோப்பை யாருக்கும் தரலாம். 'பி12' (.p12), 'பிஎஃப்எக்ஸ்' (.pfx) கோப்புகளில் பொதுவாகத் தனிச் சாவியும் (பூட்டிய மின்னஞ்சலைத் திறப்பது, யாருக்கும் தரக் கூடாதது) இருக்கும். தவறி அனுப்பிவிட்டால் கடவுச்சொல் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். சான்றிதழை ரத்துசெய்துவிட்டு, புதிய சாவியோடு வேறொன்று வாங்குவதே சரி.

அலுவலகத்தில் நூற்றுக்கணக்கானோர் இருந்தால் எல்டாப் (LDAP) அடைவுதான், அதாவது மின்னஞ்சல் மென்பொருள்கள் தேடிப் பார்க்கும் பொது முகவரிப் பட்டியல்தான் வசதி. அதில் ஒவ்வொருவருக்கும் உள்ள 'யூசர்சர்ட்டிஃபிகேட்' (userCertificate) புலத்தில் சான்றிதழை டெர் (DER) என்ற பைனரி வடிவில் ஏற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: '-----பிகின்' (-----BEGIN) என்று தொடங்கும் பெம் (PEM) உரையை, அதாவது சான்றிதழின் எழுத்து வடிவத்தை, அப்படியே ஒட்டிவிடுவார்கள், மின்னஞ்சல் மென்பொருளுக்கு அது புரியாது. புதுப்பித்ததும் காலாவதியான சான்றிதழை அந்தப் புலத்திலிருந்து நீக்குங்கள். இரண்டும் இருந்தால் சில மென்பொருள்கள் பழையதை எடுத்துக்கொண்டு பிழை காட்டும்.

அடைவிலிருந்து நீக்குவது சான்றிதழை மட்டும்தான். பழைய தனிச் சாவியை ஒருபோதும் அழிக்காதீர்கள். அது போனால், அதற்கு மறையாக்கம் செய்து வந்த பழைய மின்னஞ்சல்கள் எதையும் இனித் திறக்க முடியாது. 'பி12' கோப்பாக ஏற்றுமதி செய்து, வலுவான கடவுச்சொல்லிட்டு, இணையத்தில் இணையாத இரண்டு சேமிப்புக் கருவிகளில் வையுங்கள்.