வனத் தட மையத்தில் மலைச்சைக்கிள் ஓட்டுவது எப்படி

மலைச்சைக்கிள் ஓட்டுவதற்கென்றே காட்டுக்குள் தடங்களை வெட்டி, அவற்றைக் கடினத்துக்கேற்ப வகைப்படுத்தி, வழிகாட்டிக் கம்பங்கள் நட்டுப் பராமரிக்கும் இடத்தை டிரெயில் சென்டர் என்பர். வேல்ஸ் நாட்டின் கோய்ட் எ ப்ரெனின் காட்டில் 1990களில் உருவான மையம் பிரிட்டனில் இதற்கு முன்னோடி. பின்னர் தென் ஸ்காட்லாந்தில் ‘செவன் ஸ்டேன்ஸ்’ என்ற பெயரில் ஏழு மையங்கள் எழுந்தன. இங்குள்ள தடம் ஆடுமாடு நடந்து தானாக உண்டான ஒற்றையடிப் பாதை அன்று. எந்த வளைவில் சக்கரம் எந்தப் பக்கம் சாய வேண்டும், மழைநீர் எங்கே வழிந்தோட வேண்டும் என்று கணித்து அமைக்கப்பட்டது. அமைத்தவரின் எண்ணத்தை உணர்ந்து ஓட்டுபவருக்கு அதே தடம் பாதி வேலையைச் செய்து தரும்.

முதலில், தடம் தொடங்கும் இடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையை நின்று நிதானமாகப் படியுங்கள். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினம் கூடுகிறது. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் (சாய்சதுர வடிவம்) என்ற அடையாளங்கள் வழக்கில் உள்ளன. இரண்டு முறைகளையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒரே நிறத்தடம்கூட மையத்துக்கு மையம் மாறுபடும். ஆகவே, புதிய மையத்தில் உங்களுக்குப் பழக்கமான நிலைக்கு ஒரு படி கீழே உள்ள தடத்தில் முதல் சுற்றை ஓட்டுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சுற்றில் வேகத்தை நாடாமல், எங்கே பள்ளம், எங்கே பாறை, எங்கே குதிக்கும் மேடு என்று மனத்தில் பதித்துக்கொண்டால், அடுத்த சுற்றில் வேகம் தானாகவே வரும்.

புறப்படும் முன் டயர் காற்றைச் சரிபார்க்க வேண்டும். சாலைச் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் கெட்டியாக அடித்தால் கல்லிலும் வேரிலும் சக்கரம் துள்ளும், பிடிமானம் போய்விடும். 2.3 முதல் 2.5 அங்குல அகலமுள்ள டயருக்கு, ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து, ஏறத்தாழ 20 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை போதும். பின்சக்கரத்தில் இரண்டு மூன்று கூடுதலாக இருக்கலாம். மிகவும் குறைத்துவிட்டால் பாறையில் மோதும்போது ரிம் அடிபடும். ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, தண்ணீர், மாற்று டியூப், கைப்பம்பு, சிறு கருவித்தொகுப்பு ஆகியவை உடன் இருக்கட்டும்.

இனி இறக்கத்தில் உடலை வைக்கும் விதம். இறக்கம் தொடங்கும் முன்பே சீட்டைத் தாழ்த்திவிட்டு, எழுந்து நில்லுங்கள். இரு பெடல்களும் தரைக்குக் கிடையாக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பெடல் கீழே தொங்கினால் அது கல்லில் இடிக்கும். குதிகாலைச் சற்றுத் தாழ்த்தி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, முழங்கைகளை வெளிப்புறமாக விரித்து, எடை முழுவதும் பாதங்களில் நிற்குமாறு செய்யுங்கள். உடல் இப்படித் தளர்வாக இருந்தால், கீழே சைக்கிள் எவ்வளவு ஆடினாலும் அந்த அதிர்வைக் கைகால்களே வாங்கிக்கொள்ளும். பார்வை முன்சக்கரத்தின் மீது விழக் கூடாது. அடுத்து வரப்போகும் இடத்தில் இருக்க வேண்டும். எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கியே சைக்கிள் போகும் என்பதால், மரத்தைப் பார்க்காமல் மரத்துக்கு அருகே உள்ள வழியைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது பிரேக் பிடிக்கும் நேரம். டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. வேகத்தைக் குறைக்கவும் வளைவில் திரும்பவும் அந்த ஒரே பிடிமானம்தான் உதவ வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் அது போதாமல் சக்கரம் வழுக்கும். எனவே வளைவுக்கு முன், சைக்கிள் நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே இரு பிரேக்குகளையும் தலா ஒரு விரலால் மெல்ல அழுத்தி வேகத்தைத் தணித்து, பிறகு பிரேக்கை விடுவித்துத் திரும்புங்கள். முன்பிரேக்கைக் கண்டு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் நம்புவோர் பலர். உண்மையில் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கே உண்டு. அதைத் திடீரென இறுக்கிப் பிடிப்பதுதான் ஆபத்து. வெளிப்புறம் உயர்ந்து சரிந்திருக்கும் பெர்ம் வளைவுகளில் தயக்கத்தோடு உள்ளோரத்தில் போகாமல், அந்தச் சரிவின் மீது ஏறி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடி சைக்கிளைச் சாய்த்தால், சுவர் போன்ற மண்ணே உங்களைத் தாங்கித் திருப்பிவிடும்.

ஈரமான வேர்கள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. அவற்றை இயன்றவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். கடக்கும் நொடியில் பிரேக்கைத் தொடவோ கைப்பிடியைத் திருப்பவோ கூடாது. பெரிய படிபோல் தரை இறங்கும் இடங்களில் முதல் முறை இறங்கி நடந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. பல மையங்களில் இத்தகைய இடங்களுக்குப் பக்கத்திலேயே எளிய மாற்றுவழி ஒன்றும் அமைத்திருப்பார்கள்.

ஏற்றத்தில் செங்குத்து வருமுன்பே எளிய கியருக்கு மாறி, சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, ஒரே சீராக மிதித்தால் முன்சக்கரமும் தூக்காது, பின்சக்கரமும் சுழன்று வீணாகாது.

தடங்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள், எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். நிற்க வேண்டுமானால் பின்னால் வருபவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், தடத்தை விட்டு முழுவதுமாக விலகி நில்லுங்கள். இந்தக் காடுகளில் பல இடங்களில் மரம் வெட்டும் தொழிலும் நடக்கிறது. ‘தடம் மூடப்பட்டுள்ளது’ என்ற பலகை இருந்தால், இயந்திரச் சத்தம் கேட்காவிட்டாலும் உள்ளே போகக் கூடாது. வெட்டிச் சரிவில் அடுக்கிய மரங்கள் பின்னரும் உருளக்கூடும்.

சக்கரத்தைப் பூட்டி வழுக்கி நிறுத்தும் பழக்கம் தடத்தில் குழிகளை உண்டாக்கும். சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போனால் பாதை அகன்று ஓரத்துச் செடிகள் அழியும். நேராக, மெதுவாக அதன் ஊடே போவதே சரி. வீடு திரும்பும் முன் டயரிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுங்கள். பிரிட்டனில் 2009ஆம் ஆண்டு முதல் லார்ச் மரங்களைத் தாக்கிவரும் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் போன்ற மரநோய்கள், சேற்றோடு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பரவக்கூடியவை.