பழைய மரப் புல்லாங்குழலைக் கையாளும் முறை

பெட்டியைத் திறந்ததும் ஒருமுறை ஊதிப் பார்க்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் பொறுப்பில் இருக்கும் குழல்களுக்கு அனுமதி இல்லை. மூச்சின் ஈரத்தைக் குடித்து உட்சுவர் உப்பும். வெளிப்புறம் காய்ந்தே இருக்கும். அந்த இழுபறியில்தான் மரம் நீளவாக்கில் பிளக்கிறது.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும், அதன் நூல் சாவிகளில், அதாவது துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகளில், சிக்கும். மேசையில் மெத்தென்று ஏதாவது விரித்து, அதற்கு மேலேயே தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். துண்டுகளைக் கழற்றும்போது சாவிகளில் விரல் அழுந்தாமல், மெல்லத் திருகுங்கள். அசையவில்லையா, விட்டுவிடுங்கள். கழன்று வந்தவற்றைத் தனித்தனியாகவே வையுங்கள். பொருத்துமுனையில் சுற்றிய பழைய நூலைப் பிரிக்க வேண்டாம். அதுவும் ஒரு சான்று.

தூசிக்கு மென்மயிர்த் தூரிகை போதும். எண்ணெய்? தினம் வாசிக்கும் குழலுக்குச் சரி. வாசிக்காமல் பாதுகாத்து வைத்திருக்கும் குழலில் அது தூசியைப் பிடித்துப் பிசினாகி, மரத்தைக் கருக்கும். வெள்ளிச் சாவியைப் பளபளக்கத் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்: ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகிறது.

அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருக்கும் அறையில் வையுங்கள். ஏறி இறங்கினால் முதலில் அடிபடுவது மரத்தைச் சுற்றிப் போட்ட யானைத்தந்த வளையங்கள்: மரம் சுருங்கினால் கழலும், உப்பினால் வெடிக்கும். கம்பளியும் ரப்பரும் பக்கத்தில் கூடாது. அவற்றிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.