கொத்தாமல் மேட்டுப்பாத்தி: தாமான் வீட்டுச் சிவப்பு மண்ணுக்கு

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி போடுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்த பிறகுதான் சிக்கல். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பல தாமான்களில் நிலத்தை வெட்டி, சிவப்பு மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கிய பிறகுதான் வீடு கட்டியிருக்கிறார்கள். மண்வெட்டியைப் போட்டால் பாதி இடத்தில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் வரும். அதைக் கொத்திப் பண்படுத்த உட்காராதீர்கள், இடுப்புதான் போகும். கீழே இருக்கிற மண்ணைத் தொடாமல், அதன்மேல் அட்டை, மட்டை, சருகு, எரு என்று அடுக்கிக்கொண்டே போனால் மழையும் மண்புழுவும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இடம் முதலில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போடவே வேண்டாம், இரண்டு மூன்று அடி தள்ளிப் போடுங்கள். அட்டையும் மரமும் இருக்கும் இடத்தைக் கரையான் தேடி வரும், அப்படியே கதவு நிலைக்கும் போய்விடும். அகலம் நாலு அடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது, பாத்தியை மிதிக்க வேண்டி வரும். மிதித்தால் மண் இறுகும், இறுகினால் கொத்த வேண்டும், அப்புறம் இவ்வளவு பாடும் வீண். வேலியோரமாக ஒரே பக்கத்திலிருந்துதான் கை நீட்ட முடியும் என்றால் இரண்டடி போதும்.

சுற்றிலும் சட்டம் கட்டத்தான் வேண்டுமா? என்னைக் கேட்டால் தேவையில்லை. ஓரத்தைச் சரிவாக விட்டு மேடாகக் குவித்தாலே நிற்கும். அழகுக்கு வேண்டுமானால் ஹாலோ பிளாக் வரிசை வையுங்கள், அதன் ஓட்டையில் புதினா நடலாம், ஆனால் மண்ணை நிரப்பிவிடுங்கள். வெறும் ஓட்டையில் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதாரத் துறைக்காரர் வந்து பார்த்தால் அபராதம். ரப்பர் மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம், மருந்து ஏற்றாத ரப்பர் பலகை நம் மழையில் சீக்கிரம் உளுத்துவிடும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இடித்த பழைய வீடுகளின் கூரைத் தகடு சில இடங்களில் குவிந்து கிடக்கும். அலை அலையாக, சாம்பல் நிறத்தில், சிமெண்டு மாதிரி இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உடைத்து ஓரத்துக்கு நடுவது, அதன் தூசியை மூச்சில் இழுப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். புல்லை ஒட்ட வெட்டுங்கள், வெட்டியதை அங்கேயே விடுங்கள். மளிகைக் கடையில் பழுப்பு நிற அட்டைப்பெட்டி கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பளபளப்பு அட்டை வேண்டாம். டேப்பையும் ஸ்டேப்பிள் ஊசியையும் பிடுங்கிவிட்டு, ஒரு அட்டையின்மேல் இன்னொன்று அரை அடியாவது ஏறும்படி பரப்பி, நன்றாக ஊறும்வரை தண்ணீர் விடுங்கள். சாதாரணப் புல்லுக்கு ஒரு அடுக்கு போதும். லாலாங் என்ற முரட்டுக் களைப்புல் இருந்தால் மூன்று அடுக்காவது போடுங்கள். அதன் வேர்க்கிழங்கின் நுனி ஊசி மாதிரி, அட்டையைக் குத்திக்கொண்டு வரும். கோரையும் அப்படித்தான். அட்டை போட்டால் களையே வராது என்று சொல்வதை நம்பாதீர்கள், தலை நீட்டும்போதெல்லாம் பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் அது சோர்ந்துபோகும்.

அடுத்தது நிரப்புவது. காசு கரைவது இங்கேதான். எட்டடி நீளம், நாலடி அகலம், எட்டங்குலம் உயரம் என்றால் சுமார் 600 லிட்டர் மண். நர்சரியில் 25 லிட்டர் பையில் கருமண் வாங்கினால் 24 பை! ஆகவே கீழ்ப்பாதியை ஓசிச் சாமானால் நிரப்புங்கள். காய்ந்த கிளை, தேங்காய் உரிமட்டை, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையின் மட்டை (அடிப்பக்கம் முள், கையுறை போடுங்கள்), எல்லாவற்றையும்விட வாழை. கோயில் திருவிழாவோ கல்யாணமோ முடிந்த மறுநாள் வாசலில் கட்டிய வாழை மரத்தைக் குப்பைக்குத்தான் போடுவார்கள், கேட்டு எடுத்து வாருங்கள். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சீக்கிரமே மட்கியும் விடும். மாலைகளையும் போடலாம், நைலான் நூலையும் ஜிகினாவையும் உருவிவிட்டு.

செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலையும் நல்ல சரக்குதான், பொட்டாசியம் நிறைய. எஸ்டேட்காரர்களே அதை மரத்தடியில் பரப்புகிறார்கள். ஆலையில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை ஓரிடத்தில் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, விரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு உண்டாகும். வளர்ந்த வண்டு பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடைந்துவிடும். மெல்லிசாகப் பரப்புங்கள், குவிக்காதீர்கள், புழுவைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

அதன்மேல் காய்ந்த இலை, சமையலறைக் கழிவு, மட்கிய மாட்டுச் சாணம் அல்லது ஆட்டுப் புழுக்கை. கோழி எரு பச்சையாக இருந்தால் வேரைச் சுட்டுவிடும், சில வாரம் ஆறவைத்துப் போடுங்கள். கடைசியாக நாலு அங்குலமாவது கருமண் அல்லது மட்கு உரம், செடி முதலில் வேர் பிடிப்பது அதில்தான். எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும், ஆகவே மேடாகவே குவியுங்கள்.

பாத்தியைத் திறந்து போடக்கூடாது, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் மதியத்து இடிமழை வெறும் மண்ணை அடித்து, மேலே ஓடு கட்டவைத்து, உரத்தையும் காணாமல் போகச் செய்துவிடும். காய்ந்த புல்லோ சருகோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள். லாலாங்கும் பூக்கும் முன் வெட்டிக் காயவைத்தால் நல்ல மூடாக்கு. சாலையோரப் புல்லை அள்ளும் முன் பாருங்கள், திட்டுத் திட்டாகப் பழுத்திருந்தால் மருந்து அடித்தது. பாராகுவாட் 2020 முதல் தடை என்றாலும் வேறு களைக்கொல்லிகள் இன்னும் அடிக்கிறார்கள். அப்புறம் பூனையும் பக்கத்து வீட்டுக் கோழியும். பஞ்சு போன்ற புது மண்ணைக் கண்டால் ஒன்றுக்குக் கழிப்பறை, இன்னொன்றுக்குக் கிளறும் களம். செடி ஒரு சாண் வளரும்வரை பழைய வலையைப் போர்த்தி வையுங்கள்.

முதல் சுற்றில் கங்கோங் கீரை, தண்டுக்கீரை, வெண்டை, மிளகாய் நல்லது. முள்ளங்கி, காரட் வேண்டாம், கீழே மட்டை மட்குவதற்குள் கிழங்கு கோணலாகும். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். மூடாக்கைக் கையால் விலக்கி, குழியில் ஒரு பிடி கருமண் போட்டு நாற்றை வையுங்கள். மழை தொடங்கினால் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும், இருட்டியதும் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்க வேண்டும், வெறுங்கையால் தொடக்கூடாது, அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்காமல் மண்ணை ஒட்டி வெட்டுங்கள், வேர் உள்ளேயே மட்கட்டும். மேலே இரண்டு அங்குலம் மட்கு போட்டு மூடாக்கைச் சரிசெய்தால் அடுத்த விதையை அன்றைக்கே ஊன்றலாம்.