தோற்றுக்கொண்டே இருக்கும் ஊர் கபடி அணியை மாற்றுவது எப்படி? ஹூஸ்டன் பேஸ்பால் அணியின் பத்தாண்டுக் கணக்கு

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது வெளியூர் ரைடருக்குப் போன் போடுகிற அணி, அடுத்த பொங்கலுக்கும் அதே போனைத்தான் போடும். வேலூர் வட்டாரத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, ஆற்காடு பக்கம் பல ஊர் அணிகள் இப்படித்தான் ஓடுகின்றன. வந்தவர் இரண்டு நாள் ஆடுவார், பேசிய தொகையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். கோப்பையே வந்தாலும், ஊர்ப் பையன் ஒருவனும் புதிதாக ஒரு பிடி கற்றிருக்க மாட்டான்.

இதற்கு நேர் எதிர்வழியில் போனது அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணி. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. நான்கே ஆண்டு கழித்து, 2017இல், 101 வெற்றியோடு வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரின் கோப்பை. 2022இல் 106 வெற்றியோடு மறுபடியும் கோப்பை. அந்த அணியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு, தொடவே கூடாததும் உண்டு.

முதலில் ஒரு தப்புக் கணக்கைத் தீர்த்துவிடலாம். அங்கே அப்போதிருந்த விதிப்படி, கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்குத்தான் அடுத்த ஆண்டு இளம் வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதனால் தோல்வியிலேயே அவர்களுக்கு லாபம் இருந்தது. நம் ஊரில் தோற்றால் வெறும் தோல்விதான். ஆகவே வேண்டுமென்றே தோற்பது முட்டாள்தனம். எடுத்துக்கொள்ள வேண்டியது, இந்த வருஷக் கோப்பைக்காக அடுத்த ஐந்து வருஷத்தை அடகு வைக்காத பிடிவாதம்.

நோட்டு

செலவே இல்லாத வேலை, யாரும் செய்யாத வேலை. நீளவாக்கு நோட்டு ஒன்று, ஆட்டத்துக்கு ஒரு பக்கம். ஆடாத ஒருவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு ரெய்டையும் எழுத வேண்டும்: போனது யார், எதிரில் எத்தனை பேர் நின்றார்கள், என்ன ஆனது. குறியீடு நான்கு போதும். தொட்டால் 'தொ', பக்கத்தில் எத்தனை பேரைத் தொட்டார் என்ற எண், போனஸ் கோட்டைக் கால் தாண்டி எடுக்கும் புள்ளிக்கு 'போ', சும்மா திரும்பினால் 'வெ', பிடிபட்டால் 'அ'.

இதிலிருந்து பார்க்க வேண்டிய எண் மொத்தப் புள்ளி அல்ல. ஒரு ரைடர் 20 முறை போய் 8 புள்ளி எடுத்து, 7 முறை பிடிபட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே அவர் பெயரைத்தான் கத்தும். இன்னொருவர் 10 முறை போய் 5 புள்ளி, 2 முறை அவுட். முதல்வரின் நிகரம் ஒன்று, 20ஆல் வகுத்தால் ரெய்டுக்கு 0.05. இரண்டாமவருக்கு நிகரம் மூன்று, ரெய்டுக்கு 0.3. இரண்டாமவரை அதிகம் அனுப்ப வேண்டும் என்று நோட்டு சொல்கிறது. பிடிபடுவதன் உண்மையான விலை இதைவிடவும் அதிகம்: எதிரணிக்கு ஒரு புள்ளி போவதோடு, வெளியே இருக்கும் அவர்கள் ஆள் ஒருவரும் உள்ளே வருகிறார், நம் ஆள் வெளியே போய் உட்காருகிறார். முக்கிய ரைடர் எத்தனை நிமிடம் வெளியே உட்கார்ந்தார் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் பன்னிரண்டு நிமிடம் வெளியே இருந்தால், தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

போனஸில் ஒரு மயக்கம் உண்டு. எதிரில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ். அந்தப் புள்ளிக்கு வெளியே இருக்கும் நம் ஆள் உள்ளே வரமாட்டார். நம் பக்கம் இரண்டு பேர் மட்டும் மிச்சமிருக்கும்போது போனஸ் எடுத்துக் கைதட்டு வாங்கினாலும், ஆல் அவுட் ஆகி இரண்டு புள்ளி கூடுதலாகக் கொடுக்கும் ஆபத்து அப்படியே நிற்கிறது.

பிடிக்குத் தனிப் பக்கம். எத்தனை முயற்சி, எத்தனை வெற்றி என்பதோடு, தவறிய பிடியில் எத்தனை பேர் போனார்கள் என்றும் எழுதுங்கள். கைகோத்துப் பிடிக்கும் செயின் போட்டுத் தவறினால் மூன்று பேர் ஒரே மூச்சில் போவார்கள். கார்னரில், அதாவது ஓரத்தில், நிற்பவர் சரியாக ஆங்கிள் (கணுக்கால்) பிடித்தும், உள்பக்கம் நிற்கும் கவர் ஒரு நொடி தாமதமாக வந்ததால் நழுவியது என்றால், தப்பு கார்னர் பெயரில் ஏறக்கூடாது. நோட்டு எழுதுகிறவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியது இதற்காகத்தான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி என்பதால், அந்தப் பிடிகளை வட்டமிட்டுத் தனியாக எண்ணுங்கள். இந்த சூப்பர் டேக்கிள் விதியும், இரண்டு முறை வெறுமனே திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும் என்ற டூ ஆர் டை விதியும் ஊர்ப் போட்டிக்கு ஊர்ப் போட்டி மாறும், டோக்கன் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

ஐந்து ஆட்டத்துக்குக் குறைந்த கணக்கை வைத்து யாரையும் உட்கார வைக்காதீர்கள். பழைய கணக்கைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஆபத்துதான். ஜே. டி. மார்ட்டினெஸ் என்ற ஆட்டக்காரர் தன் மட்டை வீச்சையே மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ஹூஸ்டன் அதை மதிக்காமல் 2014 மார்ச்சில் கழற்றிவிட்டது. அதே ஆண்டு டெட்ராய்ட் அணிக்குப் போய் கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் 23 அடித்தார். கணக்குக்குப் பேர்போன அணிக்கே இந்தக் கதி. பெங்களூரு வேலையிலிருந்தோ கல்லூரி விடுதியிலிருந்தோ திரும்பி வருகிற பையனைப் பழைய பக்கத்தை வைத்து எடைபோடாமல் மூன்று பயிற்சி ஆட்டம் கொடுங்கள்.

ஆள் எடுப்பது

பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பையன்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். உயரத்தைப் பார்த்துக் கழிக்காதீர்கள். வெனிசுவேலாவில் நடந்த தேர்வில், குள்ளமாக இருக்கிறான் என்று ஹோசே அல்டுவேயை முதல் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு திரும்பி வந்தார். 2007இல் 15,000 டாலருக்கு எடுத்த அந்த 168 செ.மீ. ஆள்தான் 2017இல் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். கபடியிலும் ஆங்கிள் பிடிக்கக் குனிகிற பையனுக்குக் குட்டை உடல் சௌகரியமே. பார்க்க வேண்டியவை: பின்னால் ஓடும்போது தடுமாறுகிறானா, ஏமாற்று அசைவுக்கு உடனே பாய்கிறானா, திட்டு வாங்கிய மறுநாள் காலை வருகிறானா.

காசைப் பிரிப்பதிலும் ஹூஸ்டன் ஒரு வித்தை காட்டியது. 2012இல் முதல் தேர்வுக்கு ஒதுக்கப்பட்ட மதிப்பு 72 லட்சம் டாலர். கார்லோஸ் கொரெயாவை 48 லட்சத்துக்கு எடுத்து, மிச்சத்திலிருந்து 41ஆவது தேர்வான லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுத்தார்கள். 2017 கோப்பை அணியில் இருவருமே இருந்தார்கள். நம் கணக்கில் இதற்கு அர்த்தம், ஒரு வெளியூர் ரைடருக்குக் கொடுக்கும் தொகையில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பயிற்சி நாள்களில் ஆளுக்கு இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலையும். கேழ்வரகுக் களியும் கூழும் வீட்டிலேயே இருக்கும், குறைவது புரதம்தான்.

வெளியூர் ஆளே கூடாது என்றில்லை. ஹூஸ்டனும் ஜஸ்டின் வெர்லாண்டரை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தது, ஆனால் 2017 ஆகஸ்ட் 31ஆம் தேதி, மற்ற எல்லா இடமும் நிரம்பிய பிறகு. இப்படி உழைத்த ஏழாம், எட்டாம் ஆண்டில் இடது கார்னர் மட்டும் ஓட்டை என்று நோட்டு காட்டினால், அந்த ஒரு இடத்துக்கு ஆள் பாருங்கள்.

மண்ணும் உடம்பும்

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இருபக்கமும் ஒரு மீட்டர் லாபி (ஓரப் பட்டை) இதில் அடக்கம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் தாண்டியே ஆகவேண்டிய பாக் லைன், அங்கிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு. சுற்றிலும் நான்கு மீட்டர் காலியாக விடுங்கள், டேஷ் (மோதித் தள்ளல்) வாங்கியவன் கல்தூணில் போய் விழக்கூடாது. அரை அடிக்குக் குறையாமல் தோண்டி, சலித்த செம்மண்ணோடு மரத்தூள் கலந்து நிரப்புங்கள். பாலாற்று மணலைக் கொட்டும் ஆசை வேண்டாம்: அள்ளுவது குற்றம், போதாததற்கு மணல் கூடினால் கால் புதைந்து முழங்கால் திருகும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் காலையில் பதமாக இருக்கும். அப்போதைக்கு அப்போது தெளித்தால் வழுக்கும். வாரம் ஒருமுறை கண்ணாடித் துண்டு, முள் பார்த்துக் கிளறிவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். பதினாறு வயது ஆகும்வரை டேஷும், வழிமறித்து நிறுத்தும் பிளாக்கும் கற்றுத் தரவேண்டாம். நடந்து வருகிற ரைடரிடம் ஆங்கிள் பிடி, அப்புறம் மெதுவாக ஓடுகிறவரிடம், அப்புறம்தான் முழு வேகம். எடைப் பயிற்சிக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். பளு தூக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் வெறும் கம்பியில் உட்கார்ந்து எழுவதை மட்டும் கற்கட்டும்.

தை முதல் மாசி வரை காளை விடும் விழாக்கள். பையன்கள் அங்கேதான் இருப்பார்கள், அடிபட்டும் வருவார்கள். அதை எதிர்த்துச் சண்டை போட முடியாது, முக்கிய ஆட்டங்களை வேறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு வாரம் மூன்று நாள் வருகை போதும் என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

தொடக் கூடாதது

2017இல் ஹூஸ்டன் கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைப் பார்த்து, அடுத்து வரும் பந்து எப்படிப்பட்டது என்பதைக் குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் ஆளுக்குச் சொன்னது. 2020 ஜனவரியில் விசாரணை முடிந்து 50 லட்சம் டாலர் அபராதம், நான்கு தேர்வு உரிமைகள் பறிப்பு, பொது மேலாளருக்கும் பயிற்சியாளருக்கும் ஓராண்டுத் தடை. இருவரையும் அணி அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கியது. கோப்பையைப் பறிக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் அந்த வெற்றியைப் பேசுகிறவர்கள் குப்பைத்தொட்டியையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

நம் குப்பைத்தொட்டி வயதுச் சான்றிதழ். ஜூனியர் பிரிவில் இருபத்திரண்டு வயதுக்காரரை இறக்குவது, வேறொருவர் பெயரில் ஆடவைப்பது. பையன் சேர்ந்த முதல் வாரமே பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் நகல் மூன்றையும் வாங்கித் தேதிகளை ஒப்பிடுங்கள். பிறந்த தேதி மாறியிருந்தால் திருத்த அலைய மாதக்கணக்காகும், மாவட்டத் தேர்வுக்கு முந்தின வாரம் கண்டுபிடித்துப் பயனில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், எல்லாம் ஒரே ஃபைலில், நோட்டோடு சேர்த்து. எதிரணி ஆட்சேபம் சொன்னால் அந்த ஃபைலை நடுவர் மேஜையில் வைத்துவிட்டு வார்ம் அப்புக்குப் போகலாம்.