கிட்டார் பதிவில் ஒலி உடைகிறதா? வீட்டுக் கணினியில் சரிசெய்யும் முறை

கையில் வாசிக்கும்போது தெளிவாக ஒலிக்கும் கிட்டார், கணினியில் பதிந்து திரும்பக் கேட்டால் கரகரவென்று உடைந்து வருவது, வீட்டில் பதிவு செய்யத் தொடங்கும் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல். உடனே எல்லோரும் மென்பொருளில் அந்தத் தடத்தின் வால்யூமைக் குறைத்துப் பார்ப்பார்கள். அப்போது உடைந்த ஒலி மெதுவாகக் கேட்குமே தவிர, உடைசல் அப்படியேதான் இருக்கும். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பகுதி), ப்ரீஆம்ப் (அந்த மெல்லிய மின்னலையைப் பெருக்கும் சுற்று), கேபிள், கணினியின் உள்ளீடு, மென்பொருள், ஹெட்ஃபோன் என்று ஒலி கடந்து வரும் வழியில் எந்த இடத்தில் உடைகிறதோ, அந்த இடத்தில்தான் அதைச் சரிசெய்ய முடியும். விண்டோஸ் கணினியையும், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளையும் வைத்து இங்கே விளக்குகிறேன். மற்றவற்றிலும் முறை இதுவேதான்.

படி 1: எந்த வகை உடைசல் என்று பாருங்கள்

பத்து விநாடி மெல்லவும், பத்து விநாடி அழுத்தியும் வாசித்துப் பதிந்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கி தானே இரையும் என்பதால் அதை நம்ப வேண்டாம். அழுத்தி அடிக்கும் இடங்களில் மட்டும் உடைந்தால் அது கிளிப்பிங், அதாவது உள்ளீடு தாங்கும் அளவுக்கு மேல் ஒலி வந்து, அலையின் உச்சி வெட்டப்பட்டிருக்கிறது. மெல்ல வாசித்தாலும் இடையிடையே 'டிக் டிக்' என்று கேட்டால் அது வேறு நோய். நேராக ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.

ஆடாசிட்டியின் 'வியூ' பட்டியலில் 'ஷோ கிளிப்பிங்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், வெட்டுப்பட்ட இடங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். ஆனால் சிவப்புக் கோடு இல்லை என்பதாலேயே கிளிப்பிங் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. கணினிக்குள் எண்களாக மாறுவதற்கு முன்பே, கிட்டாரின் ப்ரீஆம்பிலோ உள்ளீட்டுச் சுற்றிலோ அலை வெட்டுப்பட்டிருந்தால், அது கணினி பதியக்கூடிய உச்ச அளவான 0 டெசிபலைத் தொடாமலேயே தட்டையாகப் பதிந்திருக்கும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் கத்தியால் சீவியது போல 0 டெசிபலுக்குக் கீழே ஒரே மட்டத்தில் நின்றால், கோளாறு ஒலி எண்களாக மாறுவதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது.

படி 2: கிட்டாரிலிருந்து தொடங்குங்கள்

பிக்கப் பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் அதன் 9 வோல்ட் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். மின்னழுத்தம் இறங்கிய பேட்டரியால் ப்ரீஆம்ப் வலுவான ஒலியைத் தாங்க முடியாமல் உடைக்கும். மென்பொருள் அமைப்புகளை இரண்டு மாலைகள் கிண்டிக் கிளறிய பிறகு, பழைய பேட்டரிதான் காரணம் என்று கண்டவன் நான். கூடவே, எதிலும் இணைக்காமல் கிட்டாரை வாசித்துப் பாருங்கள். கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் அதற்குக் கணினியில் மருந்தில்லை.

படி 3: சரியான துளையில் இணையுங்கள்

பெரும்பாலான உடைசல்கள் இங்கேதான் பிறக்கின்றன. மடிக்கணினியின் மைக் உள்ளீடு, சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் சிறிய மைக்குக்காக அமைக்கப்பட்டது. மின்கிட்டாரின் பிக்கப்போ, அழுத்தி அடித்தால் அதைப் போலப் பல பத்து மடங்கு மின்னழுத்தம் தரும். போதாக்குறைக்கு விண்டோஸில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்ற ஓர் அமைப்பு உண்டு. அது 20 டெசிபலில் இருந்தால் உள்ளே வரும் ஒலி பத்து மடங்காகும். 30 டெசிபலில் இருந்தால் முப்பது மடங்கையும் தாண்டும். கன்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்', அதில் 'ரெக்கார்டிங்', உங்கள் உள்ளீட்டின் 'ப்ராபர்ட்டீஸ்', அதில் 'லெவல்ஸ்' என்று சென்று, பூஸ்ட் இருந்தால் அதை 0 ஆக்குங்கள். பக்கத்திலேயே 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காக அமைந்த இரைச்சல் நீக்கி, நீண்டு ஒலிக்கும் கிட்டார் சுரத்தை இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் பிக்கப்பின் ஒலி மங்கலாகவே இருக்கும், ஏனெனில் பிக்கப்புக்கு ஏறக்குறைய 1 மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) மின்மறுப்புள்ள, அதாவது மின்னோட்டத்தை அந்த அளவுக்குத் தடுக்கும், உள்ளீடு வேண்டும். மைக் உள்ளீட்டில் சில ஆயிரம் ஓம் மட்டுமே இருக்கும். தொடர்ந்து பதிவு செய்யப் போகிறவர்கள் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் வெளிக்கருவி) ஒன்றை வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்ற பொத்தான் இருக்கும். கிட்டாருக்கு அதை அழுத்த மறக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் இணைப்பிலிருந்து மட்டும் எக்காரணம் கொண்டும் கணினிக்கோ இன்டர்ஃபேஸுக்கோ கேபிள் கொடுக்காதீர்கள், கருவி கருகிவிடக்கூடும்.

படி 4: கெயினை அமையுங்கள்

கெயின் என்பது உள்ளே வரும் ஒலியின் அளவு. வால்யூம் என்பது பதிந்த பிறகு கேட்கும் அளவு. கெயினை முழுவதும் குறைத்துவிட்டு, பாடலிலேயே மிகப் பலமாக வாசிக்கும் பகுதியை, பதிவின்போது எவ்வளவு உற்சாகத்தோடு அடிப்பீர்களோ அவ்வளவு அழுத்தி வாசித்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். சோதனையில் அடக்கி வாசித்துவிட்டுப் பதிவில் வெளுத்து வாங்குவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மீட்டரின் உச்சம் −12 முதல் −10 டெசிபலுக்குள் நிற்கும்போது நிறுத்திவிடுங்கள்.

இது மிகக் குறைவோ என்று தயங்க வேண்டாம். ஒலியளவைக் குறிக்கும் எண்ணின் ஓர் இலக்கமான பிட் ஒன்றுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்ற கணக்கில், 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடைவெளி இருக்கிறது. மேலே 12 டெசிபல் காலியாக விட்டால் போவது இரண்டு பிட் மட்டுமே. பிறகு மென்பொருளில் ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம். 0 டெசிபலைத் தாண்டி வெட்டுப்பட்ட உச்சியையோ எவராலும் முழுமையாக மீட்க முடியாது. ஆடாசிட்டியில் 'கிளிப் ஃபிக்ஸ்' என்ற கருவி உண்டு. ஓரிரு இடங்களில் உதவும், பாடல் முழுவதும் உடைந்திருந்தால் மறுபடி வாசிப்பதே விரைவான வழி.

படி 5: 'டிக்' ஒலி கேட்டால்

கணினி ஒலியைத் துண்டு துண்டாக வாங்கிச் செயலாக்குகிறது. அந்தத் துண்டின் அளவான பஃபர் மிகச் சிறியதாக இருந்தால் கணினிக்கு நேரம் போதாமல் சில துண்டுகள் தவறிவிடும். கணினி ஒலியை ஒரு முறை அளப்பது ஒரு சாம்பிள். விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது சாம்பிள் ரேட். 44,100 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்பது 1.5 மில்லிவிநாடிக்கும் குறைவு. 256 என்றால் ஏறக்குறைய 5.8 மில்லிவிநாடி. பஃபரை 256 அல்லது 512 வைத்துப் பாருங்கள். விண்டோஸிலும் மென்பொருளிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும். இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப் வழியாக இல்லாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் படியில் செய்த அதே சோதனைப் பதிவை மறுபடி செய்யுங்கள். இரண்டு அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. சரியான கெயின் அமைந்ததும், அந்தக் குமிழின் பக்கத்தில் சிறு டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டுவையுங்கள்.