நன்கொடையில் நடக்கும் மென்பொருள் குழு: பணத்திலும் பகிர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரிலோ தருமபுரி மாவட்டத்துச் செட்டிக்கரையிலோ உள்ள அரசு பொறியியல் கல்லூரியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு மென்பொருள் குழுவைத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸை நிறுவுவதில் சந்தேகம் கேட்பவர்களுக்குத் தமிழில் பதில் சொல்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்த இலவசக் கருவிகளை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கிறார்கள். அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை, ஓசூர் என்று ஊர் ஊராக ஆட்கள் சேர்கிறார்கள். குழுவின் தளம் ஓடும் கணினியான செர்வரின் வாடகை ஏறுகிறது. விளம்பரம் போட மனம் இல்லை. நன்கொடை கேட்கிறார்கள்.

அந்த நாள் முதல் குழு இரண்டு வகை நன்கொடையில் நடக்கிறது என்பதே என் எண்ணம். ஒன்று ரூபாய். மற்றொன்று, நாம் காட்டும் கருவியை மறுபேச்சில்லாமல் தன் கணினியில் ஏற்றிக்கொள்கிறவரின் நம்பிக்கை. இரண்டுக்கும் ஒரே கண்டிப்போடு கணக்கு வைக்க வேண்டும்.

பணத்தில் நடக்கும் முதல் தவறு, தொடங்கியவர் தன் சொந்த க்யூஆர் குறியீட்டையே நன்கொடைக்கும் கொடுத்துவிடுவது. அவர் நேர்மையானவராக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார். ஆனால் வீட்டு மளிகைச் செலவும் செர்வர் வாடகையும் ஒரே பாஸ்புக்கில் ஓடினால், ஓராண்டுக்குப் பிறகு யாராவது கணக்குக் கேட்கும்போது அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. வரிச் சிக்கலும் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் பெறும் அன்பளிப்புத் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். ஊருக்காக வாங்கிய பணத்துக்குத் தனி ஒருவர் வரிக் கணக்கு எழுதும் நிலை வந்துவிடும்.

தொடக்கத்திலேயே தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, அதன் பரிவர்த்தனைகளை இரண்டாவது ஒருவரும் மாதந்தோறும் பார்க்கும்படி செய்துவிட வேண்டும். குழு நிலைத்துவிட்டால் சங்கமாகப் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு சங்கத்தின் பெயரில் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு என்று எல்லாம் ஒழுங்குக்கு வரும். பதிவு செய்த மறுநாளே ‘வரிவிலக்கு உண்டு’ என்று அறிவிப்பது இன்னொரு தவறு. நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் அங்கீகாரம் (80ஜி என்று சொல்லிப் பழகியது) தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டியது. அது கையில் வரும்வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வந்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நம் மாவட்டங்களிலிருந்து வெளிநாடு போனவர்கள் உற்சாகமாக அனுப்பும் பணத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அதே தொகை வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அப்போது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். சிறிய குழுவுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. அன்போடு அனுப்புகிறவரிடம் அன்போடு காரணத்தைச் சொல்லி, வாங்காமல் இருப்பதே நல்லது. அவருடைய நேரத்தைக் கேளுங்கள். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

கணக்கை வெளியிடுவதில், லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் நல்ல முன்மாதிரி. 2006-இல் தொடங்கி பெரிதும் நன்கொடையை நம்பி நடக்கும் அந்தத் திட்டம், எவ்வளவு பணம் வந்தது, எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதை மாதா மாதம் தெரிவிக்கிறது. நம் குழுவுக்கு நான்கு வரி போதும்: போன மாத இருப்பு, இந்த மாத வரவு, செலவு, மீதி. செலவுக்குக் கீழே ‘செர்வர் வாடகை 640, டொமைன் (தள முகவரி) புதுப்பிப்பு 899’ என்று தனித்தனியாக எழுதி, பில்லின் படத்தையும் இணைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ‘இதர செலவுகள்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், அன்றே முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

கொடுத்தவர் பெயரையும் தொகையையும் சேர்த்து வெளியிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. அது குழுவை மொய் நோட்டு ஆக்கிவிடுகிறது. ஐயாயிரம் கொடுத்தவரின் யோசனைக்குத் தனி மரியாதை கிடைக்கிறது. ஐம்பது ரூபாய் அனுப்பிய காரிமங்கலத்து மாணவர் அடுத்த முறை கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார். விரும்புகிறவர்களின் பெயரை மட்டும், தொகை இல்லாமல் போடுங்கள். ரசீதைத் தனியாக அனுப்புங்கள். கொடுத்தவருக்கு நன்றி உண்டு, கூடுதல் வாக்கு கிடையாது என்று விதியிலேயே எழுதி வையுங்கள்.

கேட்கும் விதத்திலும் நேர்மை வேண்டும். இருப்பில் எட்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போது ‘அடுத்த வாரம் மூடிவிடுவோம்’ என்று எழுதக் கூடாது. விக்கிப்பீடியாவுக்கே இந்தச் சங்கடம் வந்தது. 2022-இல், நன்கொடை அறிவிப்பின் வாசகங்கள் உண்மை நிலையைத் தவறாகக் காட்டுகின்றன என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்களே எதிர்த்தார்கள். வாசகங்களை மாற்ற வேண்டியதாயிற்று. இந்த ஆண்டுக்கு இவ்வளவு தேவை, இன்றுவரை இவ்வளவு வந்திருக்கிறது என்று சொன்னால் போதும்.

பணத்தைவிடச் சாவி முக்கியம். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, செர்வரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் டொமைன் வாங்கியிருப்பார்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி செயலிழந்துவிடும். வாங்கியவர் ஓசூர் தாண்டி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாருக்கும் வந்து சேராது. டொமைனும் செர்வரும் குழுவின் பொது முகவரியில் இருக்கட்டும். இரண்டு பேரிடமாவது சாவி இருக்கட்டும். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் உலகமே கூடிப் பேசிய ஃப்ரீநோட் உரையாடல் வலையமைப்பில், 2021 மே மாதம் யாருக்கு உரிமை என்ற தகராறு முற்றியது. அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக வெளியேறி லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்க நேர்ந்தது. உழைத்தவர்கள் ஒரு பக்கம், பெயரும் முகவரியும் இன்னொரு பக்கம் என்று ஆனால் முடிவு அதுதான்.

சாவியைப் பகிர வேண்டும் என்பதற்காக, ஓடி ஓடி உதவுகிற முகம் தெரியாதவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடவும் கூடாது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவியைப் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒருவரே பராமரித்துவந்தார். அவர் சோர்ந்திருந்த காலத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் நெடுநாள் உதவி செய்து நம்பிக்கை பெற்று, கடைசியில் அதற்குள், பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிவிடும் ஒரு பின்வாசலை வைத்தார். 2024 மார்ச்சில், உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2014-இல், ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, அந்த ஓட்டை இருந்த, இணையத் தகவலைக் குறியாக்கிக் காக்க உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பதும் தெரிந்தது. நாம் அன்றாடம் பாராட்டிப் பகிரும் கருவிகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள். நம் குழுவுக்கு வரும் பணத்தில் ஆண்டுக்கு ஒரு பங்கை அவர்களில் யாருக்காவது அனுப்புவதைக் குழுவின் கடமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இனி பகிர்வு. ‘அருமையான மென்பொருள், எல்லோரும் போட்டுப் பாருங்கள்’ என்று ஓர் இணைப்பை வீசிவிட்டுப் போவது அறிமுகம் ஆகாது. டெசராக்ட் என்ற கருவியைப் பற்றி எழுதுவதென்றால் இப்படி எழுதலாம்: ‘படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து உரையாக மாற்றும் கருவி. தமிழுக்கான தரவுக் கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்த தெளிவான அச்சுப் பக்கம் என்றால் நன்றாகப் படிக்கும். கையெழுத்துக்கு உதவாது. அப்பாச்சி என்ற கட்டற்ற உரிமம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்.’ என்ன செய்யும், எங்கே தோற்கும், என்ன உரிமம், எதில் ஓடும் என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. இறக்க வேண்டிய கோப்பின் அளவையும் எழுதுங்கள். அஞ்செட்டி பக்கத்து மலைக் கிராமங்களில் சிக்னலுக்காக இடம் தேடி நடக்கிறவர் நம் குழுவில் இருக்கலாம். விண்டோஸுக்கான லிப்ரே ஆபிஸ் கோப்பு முந்நூறு எம்பிக்கு மேல் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இணைப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் துளியும் அசட்டை கூடாது. தேடியதும் முதலில் வருகிற தளம் உருவாக்கியவரின் தளமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற புகழ்பெற்ற தளமே, ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பர நிரல்களைச் சேர்த்துக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. உருவாக்கியவரின் தளத்துக்கே இணைப்புக் கொடுங்கள், சுருக்கிய முகவரி வேண்டாம். பூட்டை உடைத்து இலவசமாக்கிய (கிராக் செய்த) மென்பொருளை ‘ஏழை மாணவருக்கு உதவி’ என்று நியாயப்படுத்தவும் வேண்டாம். அதில் ஒளிந்து வரும் தீநிரல், புதுக் கணினி வாங்க முடியாத அதே மாணவரைத்தான் முதலில் அடிக்கும். கமிஷன் கிடைக்கும் இணைப்பு என்றாலோ, நன்கொடையாளரின் சொந்தத் தயாரிப்பு என்றாலோ முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழில் தயங்கித் தயங்கி எழுதுகிறவர்களும் கேள்வி கேட்பார்கள். எழுத்துப் பிழையைப் பிடித்துச் சிரித்தால் அவர்கள் மறுபடி வாய் திறக்க மாட்டார்கள்.

தவறான ஒன்றைப் பகிர்ந்துவிட்டதாகத் தெரிந்தால், சத்தமில்லாமல் நீக்கிவிடுவதைப் போன்ற பெரிய தவறு இல்லை. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்வாசல் வைத்த கோப்புக்குப் பதிவிறக்க இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். குழு அதை மறைக்கவில்லை. எந்தப் பதிப்பு, எந்த நாளில் இறக்கியவர்களுக்கு ஆபத்து, கையில் உள்ள கோப்பை எப்படிச் சரிபார்ப்பது என்று உடனே அறிவித்தது. ஏற்கெனவே நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, மறுபடி நிறுவி, கடவுச்சொற்களை மாற்றச் சொன்னது. நம் அறிவிப்பிலும் இவை அத்தனையும் இருக்க வேண்டும். தவறான இணைப்பு எந்த இடத்தில் போடப்பட்டதோ அதே இடத்தில், அதே தமிழில்.