இளவேனில் பூக்கள்: கார்த்திகையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

சித்திரை பிறந்தும் மல்லி பூக்கவில்லையே என்று காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் வருத்தப்படுவார்கள். உடனே உரத்தை அள்ளிப் போடுவார்கள், இல்லையென்றால் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்த நேரத்தில் இரண்டாலும் பெரிய பலன் இல்லை. மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். அந்தத் துளிரைக் கிளப்பிவிட வேண்டிய மாதம் கார்த்திகை.

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்த குச்சிகளையும் நோய் பிடித்த கிளைகளையும் எடுத்துவிட்டு, நன்றாக வளர்ந்த செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் வைத்தால், மார்ச் முதல் ஜூன் வரை பூ வருவது நிற்காது. ஆனால் அடைமழையில் தளதளவென்று நிற்கும் செடியை வெட்ட யாருக்கும் மனசு வருவதில்லை. அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைவிட மோசம், பங்குனியில் ஞாபகம் வந்து அப்போது வெட்டுவது. வரவேண்டிய மொட்டு அத்தனையும் கத்தரியோடு போய்விடும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள்.

அடுத்த தவறு நம் வீடுகளுக்கே உரியது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. பழுது பார்க்கும்போது உதிர்ந்த காரையைப் பின்கட்டிலேயே கொட்டி மண்ணோடு மண்ணாக்கிவிடுவார்கள். அந்த இடத்திலேயே மல்லியை வைத்தால் கொஞ்ச நாளில் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச்சத்துக் குறை. நம் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சுண்ணாம்பு கலந்துவிட்டால் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீர் இதை இன்னும் கெடுக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து மாலையில் இலை நனையத் தெளித்தால் பச்சை திரும்பும். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால், குழியிலுள்ள காரையைத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்புவதுதான் வழி. யூரியா போட்டு இந்த மஞ்சளைப் போக்க முடியாது.

உயர்ந்த சுவர்களுக்கு நடுவே நிழலில் நிற்கும் மல்லி இலை விடும், பூ விடாது. சித்திரை வெயிலுக்குப் பயந்து தொட்டியை வளவுக்குள், அதாவது வீட்டு உள்முற்றத்துக்குள், நகர்த்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மல்லிக்கு வெயில் வேண்டும். வேரடியில் சருகு மூடாக்குப் போட்டு ஈரத்தைக் காத்தால் போதும்.

காகிதப்பூவுக்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. கோடையாயிற்றே என்று தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடுவார்கள், கொடி இலையாகப் பெருகும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால்தான் அது நிறைந்து பூக்கும்.

சரக்கொன்றை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. பூக்கும் முன் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் மரத்தைப் பட்டுப்போய்விட்டது என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கிளை கழிப்பதாக இருந்தால் பூ முடிந்த பிறகு செய்யலாம். பங்குனியில் கழித்தால் அந்த வருஷத்து மஞ்சள் சரமெல்லாம் போச்சு.

வேப்பம்பூவைக் கிளையை உலுக்கி, கோலால் அடித்து எடுக்க வேண்டாம். விடியற்காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்தால் தானாக உதிர்வதே வருஷப்பிறப்புப் பச்சடிக்கும் ரசத்துக்கும் தாராளமாகக் காணும்.

இனி மருந்து. மல்லி மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தாலும், மொட்டில் ஓட்டை விழுந்தாலும் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கடைக்கு ஓடிக் கடுமையான மருந்து வாங்கி அடிக்கிறார்கள். மறுநாளே அந்தப் பூ குழந்தையின் தலையில் இருக்கிறது, பங்குனிப் பூச்சொரிதலுக்குக் கொன்னையூர் மாரியம்மன் சன்னதிக்கும் போகிறது. வீட்டுச் செடிக்கு இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கெட்ட மொட்டுகளைப் பொறுக்கித் தீயில் போடுங்கள். அடியில் உதிர்ந்து கிடப்பதையும் கூட்டி எடுங்கள், பூச்சி பெருகுவது அங்கேதான். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். முற்றிய மொட்டை எல்லாம் பறித்த பிறகு, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம்.